அதீனாவின் வேலி

அத்தியாயம் 9

"இந்தக் கல்லுல என்னென்ன முடியலை, சொல்லு பாப்போம்" என்றார் மெலாந்தோஸ்.

மிதாஸ் அந்தப் பளிங்குப் பலகையை மேலும் கீழும் பார்த்தான். நெஞ்சளவு உயரம். தலைக்கவசம் அணிந்த அதீனா ஈட்டியை ஊன்றி நிற்கிறாள். அவள் காலடியில் ஒலிவ மரத்தின் அடிக்கட்டை ஒன்று, அதில் மூன்று துளிர்கள். கட்டையைச் சுற்றித் தாழ்ந்த வேலி. வேலியை ஒட்டிக் கல் கட்டிய கிணறு. எல்லாம் கச்சிதமாக இருந்தது. தேவிக்கு முகம்தான் இல்லை. கவசத்துக்குக் கீழே வெறும் கல்.

"மூஞ்சி முடியலை. அறிவுக்குத் தெய்வம்னு ஊரே கும்பிடுது. மூளைக்கு மட்டும் இடம் விட்டுட்டு மூஞ்சியை மறந்துட்டாங்க போல."

"மறக்கலை. அதுக்குத்தான் சண்டையே. வேற?"

வேறு எதுவும் மிதாஸின் கண்ணில் படவில்லை. அவன் பிரிஜியா நாட்டுக்காரன். அந்த நாட்டிலிருந்து அடிமையாக வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஏதென்ஸில் மிதாஸ் என்றுதான் பெயர் வைப்பார்கள். தொட்டதெல்லாம் பொன்னான ராஜாவின் பெயர். இவன் இருபது வருஷமாகத் தொட்டதெல்லாம் வெங்காயமும் கோவேறு கழுதையும்தான். விடுதலை கிடைத்த பிறகும் அவன் மெலாந்தோஸை விட்டுப் போகவில்லை. மெலாந்தோஸ் மலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பதினொரு வருஷம் தேவியின் புனித ஒலிவ மரங்களைச் சரிபார்த்துவிட்டு, கால் முறிந்து வீட்டோடு வந்தவர். காணாமல் போன மரத்தைக் கண்டுபிடித்தவர் காணாமல் போன மனிதனைக் கண்டுபிடிக்க மாட்டாரா என்று ஊர்க்காரர்கள் அவர் வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள்.

இந்த முறை காணாமல் போனவன் மோலோன், இந்தப் பட்டறையின் சிற்பி. நாற்பது நாள் ஆயிற்று. அவனைக் கொன்றதாகப் பழி சுமக்கிறவன், மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கூட்டாளி தெல்லிஸ். மோலோனின் மனைவி மெலித்தா, தெல்லிஸின் கூடப்பிறந்த தங்கை. ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் அண்ணன். அவள் கதவருகில் கண் இமைக்காமல் நின்றாள். மடியில் ஒரு வெள்ளை எண்ணெய்க் குடுவையைக் கட்டியிருந்தாள். செத்தவர்களைக் கழுவுகிறபோது பூசுகிற எண்ணெய்க்கான குடுவை அது.

நாளைக் காலை ஏரெஸ் குன்றின் மேல் கொலை மன்றம் கூடுகிறது. வழக்குப் போட்டவர் மோலோனின் சித்தப்பா. அவர் கையில் இரண்டு சாட்சியங்கள். மோலோன் காணாமல் போவதற்கு முந்தின நாள் தெல்லிஸ் போட்ட கூச்சலைத் தெருவே கேட்டிருந்தது: 'தேவி தலையை நீ குனிய வைக்கலைன்னா, உன் தலையை நான் குனிய வைப்பேன்!' அடுத்தது, மூன்றாம் நாள் இந்தப் பட்டறையின் பின்சுவர் ஓரமாக மோலோனின் மேலாடை இரத்தக் கறையோடு கிடந்தது. தீர்ப்பு எப்படிப் போகும் என்று சொல்ல அதீனாவின் அறிவு தேவையில்லை.

"மன்றத்துல உன் முதல் பேச்சு முடிஞ்சதும் நாட்டை விட்டு ஓடிப் போயிடலாம் இல்ல? சட்டம்தான் வழி விட்டிருக்கே" என்றான் மிதாஸ் தெல்லிஸிடம்.

"ஓடினா நான்தான் கொன்னேன்னு ஆயிடும். இவ எந்த முகத்தோட இந்தத் தெருவுல இருப்பா?" தெல்லிஸ் தங்கையைப் பார்க்காமல் சொன்னான். "தேவி யாருக்கும் தலை குனிய மாட்டாள்னு அவன் சொன்னான். தன்னோட மரம் வெட்டுப்பட்டுக் கிடக்கறப்ப தாயா இருந்தா குனிவாள்னு நான் சொன்னேன். அவ்வளவுதான்யா சண்டை. சாயங்காலமே ஒண்ணா உக்காந்து கஞ்சி குடிச்சோம்."

"கஞ்சி குடிச்சதை யாரும் பாக்கலை. கத்தினதை எல்லாரும் கேட்டாங்க" என்றார் மெலாந்தோஸ். "சரி, இங்க பாரு மிதாஸ். ரெண்டு துளிருல இலை நரம்பு வரைக்கும் செதுக்கியிருக்கான். மூணாவது வெறும் கீறல். ஏன்?"

"கை வலிச்சிருக்கும்."

"தெரியாததைச் செதுக்க மாட்டான் மோலோன். அவனுக்கு அந்தத் துளிர் எப்படி வளைஞ்சிருக்குன்னு தெரியலை. அம்மா மெலித்தா, அவன் போன அன்னிக்கு என்ன எடுத்துக்கிட்டுப் போனான்?"

"சுத்தியல், உளி எல்லாம் இங்கேயே கிடக்கு. மாதிரி பிடிக்கற மெழுகுப் பெட்டியை மட்டும் காணோம்."

"செதுக்கப் போகலை. பாக்கப் போயிருக்கான். இந்தக் கட்டை எங்க இருக்கு?"

"கெபிசியா பக்கம், லிசானோர் தோட்டத்துல" என்றான் தெல்லிஸ். "அவர்தான் இந்தக் கல்லையே கேட்டவர். கோயிலுக்குக் காணிக்கை வைக்க. போன இலையுதிர் காலத்துல மோலோன் அங்க போய்ப் பாத்துட்டு வந்துதான் வேலையை ஆரம்பிச்சான். ஆனா இந்தத் தடவை அங்க வரவே இல்லைன்னு லிசானோர் சொல்லிட்டார். தங்கமான மனுஷன். என் மேல பழி விழுந்த பிறகும், நீயே முடிச்சுக் குடுன்னார். ஒண்ணே ஒண்ணு மாத்தச் சொன்னார். அந்தக் கிணத்தைக் கொத்தி எடுத்துடணுமாம்."

"ஏன்?"

"தேவிக்கும் தண்ணிக்கும் ஆகாதாம். இந்த ஊர் யாருக்குன்னு போஸைடனோட போட்டி வந்தப்ப அவன் பாறையைக் குத்தித் தண்ணி கொண்டாந்தான், இவ ஒலிவ மரம் குடுத்து ஜெயிச்சா. ஜெயிச்சவ காலடியில தோத்தவனோட தண்ணியை வைக்கறது மரியாதையான்னு கேட்டார். எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு."

"ரொம்ப நியாயம். அங்கதான் உதைக்குது." மெலாந்தோஸ் ஊன்றுகோலை எடுத்தார். "வண்டியைக் கட்டு மிதாஸ். கல்லையும் ஏத்து."

"கல்லையுமா? என் இடுப்பு பாவம்யா."

"சாட்சியை விட்டுட்டுப் போக முடியுமா?"

மெலித்தா முதல் ஆளாக வண்டியில் ஏறினாள். வேண்டாம் என்று தெல்லிஸ் சொன்னபோது அவள் குடுவையைத் தொட்டுக் காட்டினாள். "கழுவறதுக்கு ஒரு பொம்பளை வேணும் அண்ணே. அவர் இருந்திருந்தா நாற்பது நாள் சாப்பாட்டுக்கு வராம இருப்பாரா?"

தெல்லிஸ் கல்லின் மறுமுனையைப் பிடித்து ஏற்றிவிட்டு, தானும் கூட வந்தான்.

கெபிசியா சாலையில் வெயில் ஏறியிருந்தது. இருபுறமும் ஒலிவத் தோப்புகள். வெட்டின மரம், எரிந்த மரம், இடி விழுந்த மரம், எதன் அடியைப் பார்த்தாலும் குச்சி குச்சியாகப் புதுத்துளிர் நின்றது. வசந்தம் வந்துவிட்டால் இந்த ஊர் மரங்களுக்கு வெட்கமே கிடையாது.

"பாரசீகக்காரன் வந்து மேலே கோட்டையில இருந்த தேவியோட மரத்தை எரிச்சான்" என்றார் மெலாந்தோஸ். "மறுநாளே அதுல ஒரு முழம் துளிர் வந்துச்சாம்."

"ஆயிரம் தடவை கேட்டாச்சு. வருஷத்துக்கு வருஷம் அந்தத் துளிர் ஒரு சாண் கூடிக்கிட்டேதான் இருக்கு."

"தோட்டத்துல நான் மூக்கைச் சொறிஞ்சா நீ என்ன செய்யணும் தெரியுமா?"

"மூக்கைச் சிந்தணுமா?"

"தடுக்கி அந்தக் கட்டை மேல விழணும். முழு எடையோட."

மிதாஸ் கடிவாளத்தை இழுத்துப் பிடித்துவிட்டான். புனித மரம் யார் நிலத்தில் நின்றாலும் அது தேவியுடையது. மரம் செத்து அடிக்கட்டை ஆனாலும் அவளுடையதுதான். வேலிக்குள் ஏர் போகக் கூடாது, மண்வெட்டி படக் கூடாது. பிடுங்கினவன் குடிமகனாக இருந்தால் வீடும் நிலமும் நாடும் போகும். மிதாஸைப் போன்ற அன்னியன் என்றால் கேள்வியே இல்லை.

"அய்யா, கட்டை நின்னா என் தோள் போகும். விழுந்தா என் தலை போகும். இதுல எது உங்களுக்கு வேணும்?"

"விழுந்தா நல்லது."

"நல்லா இருக்கு. தொட்டதெல்லாம் பொன்னாகும்னுதானே இந்த ஊர்ல எனக்குப் பேர் வெச்சாங்க" என்றான் மிதாஸ். வண்டியின் பின்னால் குடுவையை மடியில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த மெலித்தாவை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, கோவேறு கழுதையைத் தட்டினான்.

லிசானோர் வாசலுக்கே வந்து வரவேற்றார். அறுபது வயது, எண்ணெய் மினுக்கும் உடம்பு, தலையில் ஒலிவ இலை வளையம். பேச்சுக்கு நடுவில் தேவியின் பெயரைச் சொல்லாமல் அவரால் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் இருவரை மெலாந்தோஸ் வழியிலேயே சாட்சிக்கு அழைத்து வந்திருந்தார். அதைப் பார்த்தும் லிசானோரின் சிரிப்பு குறையவில்லை.

"மரத்தைப் பாக்கணும், அவ்வளவுதானே? தாராளமா. இங்க தேவியோட சொத்து ரெண்டு. வாசல்ல ஒரு மரம், கோடியில ஒரு கட்டை. போன வாரம்கூட அதிகாரி வந்து எண்ணிட்டுப் போனார்."

"எங்கிருந்து எண்ணினார்?" என்று கேட்டான் மிதாஸ்.

"இங்கேயே உக்காந்து, ஒயின் குடிச்சுக்கிட்டே. தெரியுதே, ரெண்டு வேலி."

எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. வாசலில் ஒன்று. தூரத்தில், கற்சுவர் மூலையில் இன்னொன்று.

கழுதைக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று மெலாந்தோஸ் கிணற்றடிக்குப் போனார். கிணறு நிலத்தின் நட்ட நடுவில் இருந்தது. அதிலிருந்து புதிய வாய்க்கால் ஒன்று நூல் பிடித்தாற்போலத் திராட்சைக் கன்றுகளுக்கு ஓடியது. கிணற்றைச் சுற்றி வேலியும் இல்லை, கட்டையும் இல்லை. உழுத மண் மட்டும்தான்.

"இங்கதானே அந்த..." என்று ஆரம்பித்தான் தெல்லிஸ். மெலாந்தோஸின் ஊன்றுகோல் அவன் கால்விரல் மேல் ஏறி நின்றது. தெல்லிஸ் வாயை மூடிக்கொண்டான்.

மூலையை நோக்கி நடந்தார்கள். கட்டைக்குப் பத்தடி முன்னால் தெல்லிஸ் தானாகவே நின்றுவிட்டான். கொலைப்பழி சுமந்தவன் கோயிலுக்குள் போகக் கூடாது, சந்தைக்குள் போகக் கூடாது, தேவியின் வேலிக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. நாற்பது நாளில் அவனுக்கு அது பழகிப்போயிருந்தது.

முதலில் வந்தது நாற்றம். வேலியை ஒட்டி ஓர் ஆள் உயரத்துக்குச் சாணக் குவியல்.

"பக்திமான் வீட்டுல சாமி பக்கத்துலயா எருக்குழி?" என்றான் மிதாஸ்.

"திராட்சைக்கு எரு வேணுமே" என்றார் லிசானோர். "அடிமைகள் கொட்டிட்டானுங்க. எடுக்கச் சொல்றேன்."

வேலிக்குள் அந்தக் கட்டை நின்றது. இடுப்பளவு உயரம், சாம்பல் நிறம், காய்ந்த எலும்பு மாதிரி. மெலாந்தோஸ் அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார். "ஒரு சின்ன சம்பிரதாயம். மோலோன் இங்க வரலைன்னு தேவியோட கட்டையில கை வெச்சுச் சொல்லிடுங்க. நாளைக்கு மன்றத்துல நான் சொல்லிக்கிறேன், உங்களை அலைய வைக்க மாட்டேன்."

"இதுக்கென்ன?" லிசானோர் வேலியைத் தாண்டி உள்ளே போனார். கையை நீட்டினார். "சிற்பி மோலோன் இந்த மண்ணை மிதிக்கவே இல்லை. தேவி சாட்சி."

அவர் உள்ளங்கை கட்டைக்கு இரண்டு விரல் மேலே அப்படியே நின்றது. கீழே இறங்கவில்லை.

"கை படலையே" என்றார் மெலாந்தோஸ்.

"வீட்டுல ஒருத்திக்குப் பிரசவம் ஆகியிருக்கு. தீட்டு. தேவியைத் தொடக் கூடாது."

பக்கத்துத் தோட்டக்காரர்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அது மிகச் சரியான காரணம். இந்த ஊரில் தீட்டு என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மிதாஸ் இந்த ஊரில் பிறந்தவன் இல்லை.

"தீட்டு இருந்தா தொடக் கூடாது, வேலிக்குள்ள வரலாமா? நீங்க உள்ள நிக்கறீங்களே?"

லிசானோரின் முகத்திலிருந்து சிரிப்பு முதல் தடவையாக இறங்கியது. தோட்டக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மெலாந்தோஸ் மூக்கைச் சொறிந்தார்.

மிதாஸ் திரும்பிப் பார்த்தான். பத்தடி தள்ளித் தெல்லிஸ் நின்றான். நாளைக்கு இந்நேரம் அவன் உயிர் மன்றத்தார் போடும் கூழாங்கல் ஓட்டுகளில் எண்ணப்பட்டுக்கொண்டிருக்கும். மிதாஸ் தன் ஊர்த் தெய்வத்தையும் கூப்பிட்டான், துணைக்கு அதீனாவையும் கூப்பிட்டான். அப்புறம் வேலியில் கால் தடுக்கினாற்போல முழு உடம்பையும் கட்டையின் மேல் போட்டான்.

ஒலிவத்தின் அடிக்கட்டையை நாலு எருது பூட்டி இழுத்தாலும் அசைக்க முடியாது. இது பால் பல் மாதிரி ஆடியது, சாய்ந்தது, மிதாஸோடு சேர்ந்து தரையில் உருண்டது.

தோட்டக்காரர்கள் இருவரும் மேலாடையைத் தலைக்கு மேல் இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள்.

"பாத்தீங்களா!" லிசானோரின் குரல் கீச்சிட்டது. "அன்னியப் பயல் தேவியோட மரத்தைப் பிடுங்கிட்டான்! நீங்க ரெண்டு பேரும் சாட்சி! இவன் தலை போகணும்!"

மிதாஸ் மண்ணில் கிடந்தபடியே கழுத்தைத் தடவிக்கொண்டான். "அய்யா, நல்லதுன்னு சொன்னீங்களே, அது எப்ப வரும்?"

"மரம்னா வேர் இருக்கும்" என்றார் மெலாந்தோஸ். குரல் உயரவில்லை. அவர் ஊன்றுகோலால் கட்டையைப் புரட்டினார். அடியில் வேர்கள் குட்டை குட்டையாக நின்றன. ஒவ்வொன்றின் முனையும் வட்டமாக, வழவழப்பாக இருந்தது. "ரம்பம். முகத்தை மூடினது போதும், வந்து பாருங்க."

தோட்டக்காரர்களில் ஒருவர் மெல்ல முகத்தை விலக்கினார்.

"வர்ற வழியில எத்தனை கட்டை பாத்தீங்க? எல்லாத்துலயும் துளிர். எரிச்சாலும் வெட்டினாலும் இந்த மரத்துக்குச் சாகத் தெரியாது. அதனாலதான் அதை அவளோட மரம்னு சொல்றோம். வேலி போட்டு, ஆடு மாடு அண்டாம நிக்கற கட்டையில இந்த வசந்தத்துல ஒரு மொட்டுக்கூட இல்லைன்னா, அது மரமில்லை, மூடி." அவர் திரும்பினார். "மிதாஸ், எழுந்திரு. வண்டியில இருக்கற சாட்சியைத் திற."

மிதாஸ் ஓடிப்போய் வண்டியை வேலி ஓரம் ஓட்டி வந்து சாக்கை உருவினான். வெயிலில் பளிங்கு கண்ணைக் கூச வைத்தது. தேவி, கட்டை, மூன்று துளிர், வேலி, கிணறு.

"போன இலையுதிர் காலத்துல மோலோன் கண்ணால பாத்துச் செதுக்கினது. கட்டை கிணத்தடியில இருக்கு. இப்ப அங்க வாய்க்கால் ஓடுது. நடுவுல நின்ன கட்டையைப் பிடுங்கி மூலையில நட்டா எண்ணிக்கை சரியாயிடும். நம்ம அதிகாரிங்க எண்ணுவாங்க, இடத்தைப் பாக்க மாட்டாங்க. கல்லு மட்டும்தான் இடத்தைச் சொல்லும். அதான் கிணத்தைக் கொத்தி எடுக்கச் சொன்னீங்க. தோத்தவன் தண்ணின்னு புராணம் வேற."

"சிற்பி கற்பனையில ஆயிரம் செதுக்குவான்" என்றார் லிசானோர். உதடு காய்ந்திருந்தது.

"செதுக்கட்டும். கட்டையை நடறதுக்கு இந்த மூலையை எதுக்குத் தேர்ந்தீங்க? அடியில என்ன இருக்கு?"

தோண்ட யாரும் முன்வரவில்லை. சத்தம் கேட்டு ஓடி வந்த லிசானோரின் ஏர்க்காரர்கள் மண்வெட்டியை விட்டுவிட்டு விலகினார்கள். தோட்டக்காரர்கள் வேலியைப் பார்த்தார்கள், வேலியை மட்டும். கண்ணெதிரே ரம்பம் போட்ட வேர் கிடந்தும் பிறந்ததிலிருந்து ஊறின பயம் அவர்களை விடவில்லை. ஏதென்ஸில் இதைவிடப் பத்திரமான புதைகுழி கிடைக்காது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சாமி சோறு என்று சொல்லிவிட்டால் மறைக்கலாம்.

மெலித்தா வேலியைத் தாண்டினாள். குடுவையை ஓரமாக வைத்தாள். மண்டியிட்டு இரண்டு கைகளாலும் மண்ணை அள்ளத் தொடங்கினாள்.

"அம்மா, வேணாம், தேவி குத்தம்" என்றார் ஒரு தோட்டக்காரர்.

"இது தேவியோட இடம் இல்லை. என் புருஷனோட இடம்."

மண் இளகிக் கிடந்தது. மிதாஸும் அவளுக்கு எதிரே உட்கார்ந்து தோண்டினான். முழங்கை ஆழத்தில் நாற்றம் மாறியது. சாணத்தால் இனி அதை மறைக்க முடியவில்லை. மிதாஸின் விரலில் தோல்வார் ஒன்று தட்டுப்பட்டது, அதன் பிறகு ஒரு தோள். தோளில் வெண்கல ஊசி குத்தியபடி இருந்தது. அதில் கிழிந்த மேலாடையின் ஒரு துண்டு மாட்டியிருந்தது. உருவி எடுத்த மீதி மேலாடைதான் பட்டறைச் சுவர் ஓரம் போடப்பட்டு, இப்போது மன்றத்தில் சாட்சியாகக் கிடக்கிறது.

மெலித்தா கத்தவில்லை. தோளின் மேலிருந்த மண்ணை, தூங்குகிறவனை எழுப்பாமல் துடைக்கிறவள் போலத் துடைத்தாள். அப்புறம்தான் அவள் உடம்பு குலுங்கியது. மிதாஸ் எதிர்ப்பக்கத்து மண்ணை விரல்களால் மெல்ல விலக்கினான்.

லிசானோர் ஓடப் பார்க்கவில்லை. அவருடைய ஏர்க்காரர்களே அவரைச் சுற்றி நின்றிருந்தார்கள். அவர் தலையிலிருந்த இலை வளையத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதனிடம் பேசுகிறவர் போலப் பேசினார்.

"அந்தக் கட்டையில ஒரு காய்கூடக் காய்க்காது. வாய்க்காலுக்கு நேர் குறுக்க நின்னுச்சு. எடுத்தேன். தெரிஞ்சா எல்லாம் போகும். அன்னிக்குன்னு பாத்து அவன் வந்து நிக்கறான். கிணத்தடியில இருந்த கட்டை எங்கேன்னு கேக்கறான். கேட்டுக்கிட்டே இருக்கான்."

"காட்டிக் கொடுப்பேன்னு சொன்னானா?" என்றார் மெலாந்தோஸ்.

லிசானோர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"இல்லை. மூணாவது துளிர் எந்தப் பக்கம் வளைஞ்சிருந்துச்சு, ஞாபகம் இருக்கான்னு கேட்டான்."

மெலாந்தோஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோட்டக்காரர்களில் ஒருவர் துப்பினார்.

தோல்வாரின் முனையில் பை இருந்தது. பைக்குள் மரப்பெட்டி. மிதாஸ் அதை மெலித்தாவின் கையில் கொடுத்தான். அவள் மூடியைத் திறந்தாள். உள்ளே கட்டைவிரல் அளவில் ஒரு மெழுகுத் தலை. தலைக்கவசம், நீண்ட மூக்கு, மூடியும் மூடாத இமைகள். தேவிக்கு மோலோன் வைக்கவிருந்த முகம்.

மெலித்தா அதைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள்.

தெல்லிஸ் இன்னும் பத்தடி தள்ளியே நின்றான். கண்ணீர் தாடி வழியாக இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. ஓர் அடி முன்னால் வைத்தவன், வேலியைப் பார்த்ததும் பழக்கத்தில் பின்வாங்கிவிட்டான்.

"உள்ள வா" என்றார் மெலாந்தோஸ்.

"நான்... வரக் கூடாதுய்யா."

"இங்க சாமியும் இல்லை, உன் மேல பழியும் இல்லை. வா."

தெல்லிஸ் வேலியைத் தாண்டினான். தங்கையின் பக்கத்தில் மண்டியிட்டான். அவள் உள்ளங்கையில் இருந்த மெழுகுத் தலையை வெயிலில் பிடித்துப் பார்த்தான். அந்த முகம் மேலே பார்க்கவில்லை, நேராகவும் பார்க்கவில்லை. கழுத்து வளைந்து, தன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"குனிஞ்சிருக்கா" என்றான் தெல்லிஸ். "மெலித்தா, நான் சொன்ன மாதிரியே குனிஞ்சிருக்கா. எங்கிட்ட சொல்லவே இல்லையே இவன்."

"வீட்டுக்கு வந்து சொல்லலாம்னு இருந்திருப்பார்" என்றாள் மெலித்தா. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எண்ணெய்க் குடுவையை எடுத்தாள். "சண்டை முடிஞ்சு போச்சு அண்ணே. அந்தப் பக்கம் ஒரு கை பிடி. அவரைத் தூக்கணும்."